ஈபுக்குக்கு டிஆர்எம் போடணுமா? வாங்குறவங்க அதையெல்லாம் பாக்கறாங்களா?

கேள்வி இதுதான். முதல் புத்தகத்தை ஈபுக்கா போடப் போறீங்க, அப்லோட் பண்ற எடத்துல டிஆர்எம் வேணுமா வேண்டாமான்னு கேக்குது, காப்பி அடிக்க முடியாதபடி பூட்டு போடறதுதான் அதுன்னு புரிஞ்சுது, ஆனா படிக்கிறவங்க இதையெல்லாம் பாத்தா வாங்குறாங்க, சாதாரண வாசகனுக்கு இதுல என்ன வந்துதுன்னு கேட்டிருக்கீங்க.

வாங்கும்போது யாரும் பாக்கறதில்ல. இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. நான் பல வருஷமா மத்தவங்க எழுதினதை ஈபப் ஃபைலா (ஈபுக் ஃபைல்ல ஒரு வகை) மாத்திக் குடுக்கற வேலைதான் பாக்கறேன், இத்தன நாள்ல ஒரே ஒரு வாசகர்கூட "இதுல டிஆர்எம் இருக்கா"ன்னு கேட்டுட்டு வாங்கினதா எழுத்தாளர் யாரும் சொன்னதில்ல. ஆனா வாங்கினதுக்கு அப்புறம் வர்ற மெயில் இருக்கே, அதுல பாதி இந்த பூட்டைப் பத்தினதுதான். என்ன, ஒருத்தரும் டிஆர்எம்ங்கிற வார்த்தையை சொல்ல மாட்டாங்க. "ஃபைல் திறக்கல", "புது டேப்ல புக் வரல", "என் பொண்ணுக்கு அனுப்பினேன், அவளுக்கு எர்ரர் காட்டுது". அவங்க கவலைப்படறது டிஆர்எம்மைப் பத்தித்தான், அது அவங்களுக்கே தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

கவலைப்படலைங்கறதுக்கு ஒரு நல்ல ஆதாரம் நானே தர்றேன். 2009 ஜூலைல அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லோட ரெண்டு புக்கை காசு குடுத்து வாங்கினவங்களோட கிண்டில்ல (அமேசான் விக்கற ஈபுக் படிக்கிற மெஷின்) இருந்து ராத்திரியோட ராத்திரியா அழிச்சுது. வித்த கம்பெனிக்கு அந்த புக்கை விக்கற உரிமையே இல்லையாம், அதனால காசைத் திருப்பிக் குடுத்துட்டு புக்கை எடுத்துக்கிட்டாங்க. அதுல ஒரு புக் '1984', அதாவது அரசாங்கம் பழைய பேப்பரையெல்லாம் அழிச்சு அழிச்சு மாத்தி எழுதற கதை, இதை யாராவது கற்பனையா எழுதியிருந்தா ரொம்ப ஓவர்னு சொல்லியிருப்போம். ஸ்கூல் பையன் ஒருத்தன் அதுல எழுதி வச்சிருந்த குறிப்பெல்லாம் உபயோகமில்லாம போச்சுன்னு கோர்ட்டுக்குப் போனான், அப்ப அமேசான் தலைவரா இருந்த ஜெஃப் பெசோஸே முட்டாள்தனமா பண்ணிட்டோம்னு மன்னிப்பு கேட்டார். பத்திரிகை பூரா இதுதான் பேச்சு. சரி, அதுக்கப்புறம் என்ன ஆச்சு? அதே வருஷம் டிசம்பர்ல, எங்க சரித்திரத்துலயே அதிகமா கிஃப்டா போன பொருள் கிண்டில்தான்னு அமேசான் அறிவிச்சுது, அந்த கிறிஸ்துமஸ் அன்னிக்கு முதல் தடவையா பேப்பர் புக்கைவிட கிண்டில் புக் அதிகமா வித்துதுன்னும் சொன்னாங்க. அஞ்சே மாசம். அவ்வளவு பெரிய கூத்து நடந்தும் ஜனங்க வாங்கறதை நிறுத்தல.

இதைப் பாத்துட்டுத்தான் "பாத்தீங்களா, வாசகனுக்கு அக்கறையே இல்ல"ன்னு நிறைய பேர் முடிச்சுடறாங்க. எனக்கு அது அரைகுறை முடிவாத்தான் படுது. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்த பூட்டு எங்க உக்காந்திருக்குன்னு ஒருதடவை பாத்துடலாம்.

ஈபப்ங்கறது வேற ஒண்ணுமில்ல, ஒரு ஜிப் ஃபைல்தான். பேரோட கடைசில ஈபப்னு இருக்கறதை ஜிப்னு மாத்திட்டு திறந்து பாருங்க, வெப்சைட் மாதிரியே உள்ள அத்தியாயத்துக்கு ஒரு பக்கம், அட்டைப்படம், ஃபாண்ட், பொருளடக்கம்னு வரிசையா இருக்கும், அத்தியாயத்தை நோட்பேட்ல திறந்தா நீங்க எழுதின வாக்கியம் அப்படியே தெரியும். பூட்டு போட்ட ஈபப்பையும் அதே மாதிரி திறக்கலாம், இது பலபேருக்குத் தெரியாது. அதே ஃபோல்டர், அதே ஃபைல் பேரெல்லாம் தெரியும், மூணாவது அத்தியாயம் எது, நாலாவது எதுன்னுகூட சொல்லிடலாம், ஆனா உள்ள போனா வெறும் குப்பை எழுத்து. கூடவே என்க்ரிப்ஷன்னு பேர் போட்ட ஒரு சின்ன ஃபைல், எதெது பூட்டியிருக்குன்னு அதுல பட்டியல் இருக்கும். அந்தக் குப்பையை மறுபடி வாக்கியமா மாத்தற சாவி உங்க அக்கவுண்ட்டோட கட்டியிருக்கு, உங்க ஆப்போ மெஷினோ படிக்கும்போது அதை எடுத்துப் போட்டு திறந்து காட்டுது. அதனால அந்தக் கடையோட ஆப்புக்குள்ளயே, அதே அக்கவுண்ட்ல இருக்கற வரைக்கும் பூட்டு இருக்கறதே உங்களுக்குத் தெரியாது. மெயின் கதவைப் பூட்டிட்டு உள்ள ஹால்ல உக்காந்து டிவி பாக்கற மாதிரி. வெளிய போகணும்னு எழுந்திரிச்சாதானே தெரியும்.

எங்க பெரியப்பா எழுந்திரிச்சார். ரிட்டயர் ஆனதுல இருந்து ஈபுக்தான், எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கலாம்ங்கறதுக்காகவே பேப்பர் புக்கை விட்டவர், அம்பது அறுபது புக் வாங்கியிருப்பார், எல்லாம் ஒரே கடைல. அந்த மெஷின் கீழ விழுந்து ஸ்கிரீன் போயிடுச்சு, கைக்கு லேசா இருக்குன்னு வேற கம்பெனி மெஷினை வாங்கிட்டு வந்து என்கிட்ட ரெண்டையும் நீட்டறார்.

"ஒரு கேபிள் போட்டா இங்கேருந்து அங்க வந்துடும்ல?"

"வராது பெரியப்பா. இந்தக் கடைல வாங்கினது அந்த மெஷின்ல திறக்காது."

"ஏன், ஃபைல்தானே? உன் கல்யாண ஃபோட்டோவெல்லாம் வந்துச்சே."

"ஃபோட்டோல பூட்டு இல்ல. இதுல இருக்கு."

"நான் காசு குடுத்துதானடா வாங்கினேன், எனக்கு எதுக்குப் பூட்டு?"

அரை மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு கடைசில "அப்ப இந்த மெஷின் சரியில்லைங்கற"ன்னார். புது மெஷினைக் கொண்டுபோய் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் குடுத்துட்டு பழைய கம்பெனி மெஷினையே மறுபடி வாங்கிட்டார். இன்னிக்கும் யாராவது கேட்டா "அதையே வாங்குங்க, அதுல எல்லாமே திறக்கும்"னு சிபாரிசு பண்றார். பூட்டு போட்டவன் கடைக்கு விளம்பரம் பண்ற வாடிக்கையாளர். அவர்கிட்ட போய் டிஆர்எம் பத்தி சர்வே எடுத்தா என்ன டிக் பண்ணுவார்? "அக்கறை இல்லை"ன்னுதான். அதனாலதான் அந்த பதிலை நான் நம்பறதில்ல.

இதுல பாட்டை நெனச்சுப் பாருங்க. பாட்டுக்கும் இதே பூட்டு இருந்துச்சு, ஆப்பிளோட பாட்டுக் கடையான ஐடியூன்ஸ்ல வாங்கின பாட்டு வேற கம்பெனி பிளேயர்ல பாடாது. 2007 பிப்ரவரில ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே இந்த பூட்டு வேண்டாம்னு பப்ளிக்கா எழுதினார், அந்த வருஷமே இஎம்ஐங்கற பாட்டுக் கம்பெனி பூட்டில்லாம குடுக்க ஆரம்பிச்சுது, 2009ல ஐடியூன்ஸ் மொத்தமா எடுத்துட்டாங்க. பாட்டுல போச்சு, புக்குல ஏன் போகல? பல காரணம் இருக்கு, எனக்குப் பெருசாத் தெரியறது ஒண்ணு. எல்லார் வீட்லயும் சிடி இருந்துச்சு, சிடியை கம்ப்யூட்டர்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல எம்பி3 ஆயிடும், அதை எதுல வேணா போட்டுக்கலாம். பூட்டில்லாத பாட்டு எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் அனுபவம் இருந்துச்சு, அதனால பூட்டினதைப் பாத்ததும் எரிச்சல் வந்துச்சு. புக் அப்படியா? அலமாரில இருக்கற முன்னூறு பக்க புக்கை யாரு உக்காந்து ஸ்கேன் பண்ணுவா? முக்காவாசி பேருக்கு முதல்ல கைக்கு வந்த ஈபுக்கே பூட்டினதுதான். ஈபுக்னாலே இப்படித்தான் போல, ஒரு ஆப்புக்குள்ளதான் இருக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டாங்க. பூட்டில்லாம ஒண்ணு இருக்க முடியும்னே தெரியாதவங்ககிட்ட பூட்டு வேணுமா வேண்டாமான்னு கேட்டா என்ன சொல்வாங்க.

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன், இல்லைன்னா ஒருதலையா போயிடும். நிஜமாவே அக்கறை தேவைப்படாத வாசகர்கள் இருக்காங்க, அவங்கதான் அதிகம். ஒரு த்ரில்லரை வாங்கி ரெண்டு நாள்ல முடிச்சுட்டு ஜென்மத்துக்கும் மறுபடி திறக்காத ஆளுக்கு ஈபுக்ங்கறது பஸ் டிக்கெட் மாதிரி, எறங்கினதும் வேலை முடிஞ்சுது, அது பூட்டியிருந்தா என்ன இல்லாட்டி என்ன. மாசச் சந்தா கட்டிப் படிக்கிறவங்களும் அப்படித்தான், வாடகை வீட்டுச் சுவர்ல ஆணி அடிக்க முடியலைன்னு யாரும் சண்டை போடறதில்ல. லைப்ரரில இரவல் எடுக்கற ஈபுக்குக்கு பூட்டு இருந்தே ஆகணும், இல்லைன்னா பதினாலு நாள்ல தானா எப்படித் திரும்பிப் போகும்? இதுலயெல்லாம் நான் டிஆர்எம்மைக் குறை சொல்ல மாட்டேன்.

அக்கறைப்படறவங்க யாருன்னா, ரொம்பப் படிக்கிறவங்க. வருஷத்துக்கு நூறு புக் முடிக்கிற ஆளுங்க, ஒரே தொடரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறவங்க, ஆராய்ச்சிக்காக வரி வரியா எடுத்து நோட்ஸ் போடறவங்க (நாலு பத்தி காப்பி பண்ணினதும் "லிமிட் முடிஞ்சது"ன்னு வரும் பாருங்க, அப்ப தெரியும்), மெஷின் மாத்தினவங்க. எண்ணிக்கைல கம்மியா இருக்கலாம், ஆனா காசு குடுத்து நிறைய வாங்கறது இவங்கதான். ஒருதடவை சூடு பட்டவங்க அப்புறம் ரெண்டு தினுசா ஆயிடறாங்க, ஒண்ணு எங்க பெரியப்பா மாதிரி அதே கடைக்குள்ளயே இருந்துடறது, இல்லைன்னா காலிபர்னு ஒரு சாஃப்ட்வேரை இறக்கி தன்னோட லைப்ரரியைத் தானே கட்டிக்கிட்டு பூட்டில்லாத கடையாத் தேடி வாங்கறது.

கண் தெரியாதவங்க கதை தனி. அவங்களுக்கு ஈபுக் ஒரு வரம், ஸ்கிரீன் ரீடர் சத்தமா வாசிச்சுக் காட்டிடும், ஆனா பூட்டின ஃபைலுக்குள்ள ஸ்கிரீன் ரீடர் நுழையணும்னா அந்த ஆப்காரன் அதுக்கு வழி பண்ணி வச்சிருக்கணும். 2009ல கிண்டில் 2 வந்தப்போ அதுவே வாசிச்சுக் காட்டற வசதி இருந்துச்சு, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் இது ஆடியோபுக் உரிமையைத் தொடுதுன்னு எதிர்த்தாங்க, உடனே அமேசான் எந்தப் புக்குக்கு வேணா பதிப்பாளர் இந்த வசதியை ஆஃப் பண்ணிக்கலாம்னு மாத்திடுச்சு. அமெரிக்கால பூட்டை உடைக்கறது 1998ல வந்த டிஎம்சிஏங்கற காப்பிரைட் சட்டப்படி தப்பு, கண் தெரியாதவங்க படிக்கிறதுக்காக உடைச்சுக்கலாம்ங்கற விதிவிலக்கை மூணு வருஷத்துக்கு ஒருதடவை திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கணும். காசு குடுத்து வாங்கின புக்கைப் படிக்கறதுக்கு.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன். பூட்டு போடலைன்னா எல்லாரும் ஓசில சுத்த விட்டுடுவாங்களே.

பைரசி பண்றவனை இந்தப் பூட்டு நிறுத்தாது, இதை நான் அடிச்சு சொல்வேன். வீட்டைப் பூட்டி சாவியை மிதியடிக்கு அடியில வைக்கற கதைதான் இது, ஏன்னா வாசகன் படிக்கணும்னா சாவி அவன் மெஷினுக்குள்ள இருந்தே ஆகணும், இருந்தா தேடறவன் கண்டுபிடிச்சுடுவான். 2001லயே அடோபிங்கற சாஃப்ட்வேர் கம்பெனியோட ஈபுக் பூட்டைக் கழட்டற சாஃப்ட்வேரை எழுதினார்னு டிமித்ரி ஸ்க்ல்யாரோவ்னு ஒரு ரஷ்யக்காரரை லாஸ் வேகாஸ்ல ஒரு கருத்தரங்குல பேசிட்டு ஊருக்குக் கிளம்பறப்போ அரெஸ்ட் பண்ணினாங்க, அடுத்த வருஷம் அவர் கம்பெனி மேல நடந்த கேஸ்ல ஜூரி குற்றமில்லைன்னு விட்டுட்டாங்க. அப்ப ஆரம்பிச்ச எலி பூனை ஆட்டம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. இதுல கணக்கு என்னன்னா, உலகத்துல ஒரே ஒருத்தன் ஒரே ஒரு காப்பியைத் திறந்தா போதும், அதுக்கப்புறம் ஓசில இறக்கறவன் யாருக்கும் பூட்டே கிடையாது. அப்ப பூட்டு யாருக்கு? காசு குடுத்தவனுக்கு மட்டும்.

பூட்டை எடுத்தா என்ன ஆகும்னு நிஜமாவே பண்ணிப் பாத்தவங்க இருக்காங்க. மேக்மில்லன் பதிப்பகக் குழுமத்தைச் சேர்ந்த டோர், அறிவியல் புனைகதை போடறவங்க, சின்ன ஆளுங்க இல்ல, 2012ல எல்லா ஈபுக்லயும் டிஆர்எம்மை எடுத்துட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு, பைரசி கூடினதா எங்களுக்குத் தெரியலைன்னு அவங்களே எழுதினாங்க. அதே 2012ல ஹாரி பாட்டர் ஈபுக் முதல் தடவையா வந்தப்போ அதை எழுதின ரவுலிங்கோட பாட்டர்மோர் சைட்ல பூட்டுக்கு பதிலா வாட்டர்மார்க் போட்டு வித்தாங்க, அதாவது வாங்கினவர் யாருங்கற அடையாளம் ஃபைலுக்குள்ளயே கலந்திருக்கும், எங்க வேணா படிக்கலாம், ஆனா ஊருக்கெல்லாம் குடுத்தா எங்கேருந்து கிளம்பினதுன்னு தெரிஞ்சுடும்.

ஒரு விஷயத்துல பூட்டு வேலை செய்யும், அதை மறைக்க மாட்டேன். திருடன் கிடையாது, ஆனா நல்ல மனசுல "இந்த புக் சூப்பர்"னு நூறு பேர் இருக்கற வாட்ஸ்அப் குரூப்ல ஃபைலைத் தட்டி விடற ஆள். அவரை பூட்டு நிறுத்தும், வாட்டர்மார்க்கும் ஓரளவு நிறுத்தும். முன்ன பின்ன யாருக்கும் தெரியாத எழுத்தாளரோட முதல் புக்கை அப்படி ஒருத்தர் தட்டி விட்டா அழறதா சிரிக்கறதான்னு எனக்கு இன்னும் முடிவு தெரியல, நானா இருந்தா சிரிப்பேன்.

நிஜமான லாபம் கடைக்குத்தான். திருடனுக்குப் பயந்து பதிப்பாளர்கள்தான் பூட்டு வேணும்னு கேட்டாங்க, கடைக்காரன் சரின்னு போட்டுக் குடுத்தான், ஆனா சாவி யார்கிட்ட? கடைக்காரன்கிட்ட. வாசகன் நூறு புக் வாங்கினதுக்கப்புறம் அந்தக் கடையை விட்டு நகர முடியாது, வாசகன் நகராத கடையை பதிப்பாளனும் விட முடியாது, அப்புறம் கமிஷன் எவ்வளவு, விலை என்னன்னு கடைக்காரன் சொல்றதுதான் பேச்சு. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னு சொல்வாங்களே, அதேதான். 2025 பிப்ரவரில அமேசான், வாங்கின கிண்டில் புக்கை கம்ப்யூட்டர்ல இறக்கி கேபிள் வழியா ஏத்திக்கற வசதியையும் எடுத்துட்டாங்க, பலபேர் கடைசி நாள் வரைக்கும் உக்காந்து தன் புக்கையெல்லாம் ஒவ்வொண்ணா இறக்கினாங்க. அக்கறையே இல்லாத ஜனங்க பண்ற வேலையா அது?

கடையே மூடிட்டா? மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரல்ல ஈபுக் கடையை மூடறோம்னு சொல்லிச்சு, ஜூலைல இருந்து வாங்கின புக் எதுவும் திறக்கல. முழுக் காசையும் திருப்பிக் குடுத்தாங்க, குறிப்பு எழுதி வச்சிருந்தவங்களுக்கு 25 டாலர் கூடவே குடுத்தாங்க, நியாயமா நடந்துக்கிட்டாங்கன்னே சொல்லலாம். ஆனா அவ்வளவு பணம் அவங்ககிட்ட இருந்துச்சு, குடுத்தாங்க. எல்லாக் கடைக்கும் இருக்குமா.

"வாங்கு"ன்னு பட்டன் போட்டுட்டு அடியில பொடி எழுத்துல "விக்கல, படிக்க அனுமதி மட்டும்தான் தர்றோம்"னு எழுதறதுதான் இதுல எனக்கு பிடிக்காததுலயே பிடிக்காதது. கலிஃபோர்னியால 2025 ஜனவரில இருந்து ஒரு சட்டம், அனுமதிதான்னா அதை வாங்கறவருக்குத் தெளிவா சொல்லணும், சொல்லாம "வாங்கு"ன்னு போடக்கூடாதுன்னு. ஐரோப்பிய நீதிமன்றம் 2019ல, படிச்சு முடிச்ச ஈபுக்கை செகண்ட் ஹேண்டா விக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. பேப்பர் புக்னா வித்துடலாம், குடுத்துடலாம், செத்தப்புறம் பிள்ளைங்க எடுத்துக்கலாம்.

சரி, நீங்க என்ன பண்ணணும்? நானா இருந்தா வேண்டாம்னு டிக் பண்ணிடுவேன். அதனால வித்துத் தள்ளிடும்னு சொல்லல, நான்தான் முதல்லயே சொன்னேனே, வாங்கும்போது யாரும் பாக்கறதில்ல. ஆனா "திறக்கல"ன்னு வர்ற மெயில் குறையும். நீங்களே சொந்தமா விக்கறதா இருந்தா இது இன்னும் முக்கியம், அடோபி பூட்டு போட்டு வித்தா வாங்கினவர் கைக்கு முதல்ல ஏசிஎஸ்எம்னு ரெண்டு மூணு கேபி ஃபைல் ஒண்ணுதான் போகும், அது புக்கே இல்ல, புக்கை எங்கேருந்து எடுத்துக்கணும்ங்கற சீட்டு, அதைத் திறக்க ஒரு சாஃப்ட்வேர், அதுக்கு ஒரு அக்கவுண்ட், அதுக்கு ஒரு பாஸ்வேர்ட். எனக்குத் தெரிஞ்ச ஒரு எழுத்தாளருக்கு வாசகர் ஒருத்தர் "சார், உங்க நாவல் ரெண்டு கேபிதான் இருக்கு, மிச்சத்தை எப்ப அனுப்புவீங்க"ன்னு எழுதியிருந்தார். அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னும் வச்சிருக்கார்.

பூட்டு வேண்டாம்னு முடிவு பண்ணினா அதை புக் விவரத்துல ஒரு வரி எழுதிடுங்க, பூட்டில்லாததைத் தேடிப் பிடிச்சு வாங்கற கூட்டம் சின்னதுதான், ஆனா அவங்க கண்ணுல அது படும். காப்பிரைட் பக்கத்துல "பிடிச்சிருந்தா நண்பர்களையும் வாங்கச் சொல்லுங்க"ன்னு மரியாதையா ஒரு வரி போட்டாலும் தப்பில்ல. ஒரே ஒரு ஜாக்கிரதை, சில கடைல இந்த ஆப்ஷனை ஒருதடவை அமுக்கினா அப்புறம் சுலபமா மாத்த விடறதில்ல, அதனால பப்ளிஷ் அமுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கடையோட ஹெல்ப் பக்கத்தை ஒருதடவை படிச்சுடுங்க.